குழந்தைவேல் கட்டின கோஷம்

குழந்தைவேல் ஆளைப் பார்த்தால் முருங்கைக்காய். வாயைத் திறந்தானோ, மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் மாடு மேய்க்கிறவன் திரும்பிப் பார்ப்பான். அந்தத் தொண்டைக்காகத்தான் மேஸ்திரி அய்யாசாமி அவனைக் குரல் குடுக்கிற ஆளாக வைத்துக்கொண்டார்.

நெய்வேலியில் கரிக்கு அடியில் தண்ணீர் கிடக்கிறது. ராவும் பகலும் இறைக்காவிட்டால் மைன்ஸே ஒரு ஏரி ஆகிவிடும். இறைக்கிறதற்கு இரும்புப் பைப்புகள், ஒவ்வொன்றும் யானைக் கால் பருமன். ரெண்டு பக்கமும் ஆள் நின்று, குறுக்கே கழி கொடுத்து, தோளில்தான் தூக்க வேண்டும். குரல் குடுக்கிறவன் முன்வரியைப் போடுவான். மற்றவர்கள் பின்வரியைச் சொல்லிக்கொண்டே ஒரே மூச்சில் எழுந்திருக்க வேண்டும். ஒருத்தன் முந்தி ஒருத்தன் பிந்தினால், கால் எலும்பு யாருக்காவது போச்சு.

ஒருநாள் பைப்பு போட வந்த இடம் எது என்கிறீர்கள்? குழந்தைவேலின் முந்திரித் தோப்பு இருந்த இடம். மரமெல்லாம் எப்போதோ போய்விட்டது, மேட்டை வைத்துக் கண்டுபிடித்துவிட்டான். நிலம் எடுத்தபோது வூட்டுக்கு ஒரு வேலை என்று ஊரெல்லாம் பேச்சு. இவன் இன்னும் காண்ட்ராக்ட் கூலி. அன்றைக்கென்று பைப்பு அசைய மாட்டேன் என்கிறது. வயிற்றெரிச்சலில் கத்தினான்:

"நெலத்தக் குடுத்தோம்!"

கழிக்கு அடியில் குனிந்திருந்த பாவாடை என்கிற கூட்டாளிக்கு எப்போதும் வாய் சும்மா இருக்காது. "வேலையக் குடு!" என்று பதில் விட்டான். எல்லோருக்கும் சிரிப்பு. சிரித்த வேகத்தில் பைப்பு எழுந்துவிட்டது. அவ்வளவுதான் அந்தக் கோஷத்தின் பிறப்பு. அதற்கப்புறம் அந்த ஆட்களுக்கு வேற எதைச் சொன்னாலும் தோள் எழும்பவில்லை. "குடு" என்கிற சொல்லில்தான் முட்டி நிமிரும்.

அது அங்கேயே கிடந்திருந்தால் என்ன கேடு? பஸ் ஏறிப் போய்விட்டது. நெல்லிக்குப்பத்தில் "கரும்பக் குடுத்தோம், வெலையக் குடு" ஆயிற்று. சேத்தியாத்தோப்பில் "வரியக் குடுத்தோம், தண்ணியக் குடு" ஆயிற்று. முத்தாண்டிக்குப்பம் பஸ் நிற்கிற இடத்துச் சுவரில் கரித்துண்டால் எழுதியிருந்தது. பண்ருட்டிக் கூட்டத்தில் ஒரு பேச்சாளர் அதற்கு அரைமணி நேரம் அர்த்தம் சொன்னார். தெற்கத்தி ஜனங்களின் நூறு வருஷத்துத் துயரம் அந்த நாலு வார்த்தையில் இருக்கிறதாம். கூட்டத்தில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த குழந்தைவேலுக்குப் புரை ஏறிவிட்டது. நாம எப்படா இதெல்லாம் நெனைச்சோம்? ஆனாலும் மனசுக்குள் ஒரு பூரிப்பு. சும்மா சொல்லக் கூடாது, யாருக்குத்தான் இருக்காது?

சீனாச் சண்டைக்கு மறு வருஷம் அது. கோஷம் என்றாலே மேலிடத்துக்கு ஆகாத காலம். ஒரு சாயங்காலம் அய்யாசாமி அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டேய், பர்மனென்டுக்கு ஒன் பேரு போயிருக்கு. நாளைக்கு ஆபீசரு வந்து வேலையப் பாக்கறாரு. அந்தக் கோஷத்தக் கட்டினவன் இங்கதான் இருக்கான்னு மோப்பம் புடிச்சிக்கினு திரியறாரு. ஒன் வாய்லேருந்து அது வந்துச்சு, அவ்ளோதான், மண்ணு."

குழந்தைவேலுக்குப் பர்மனென்ட் என்றால் குவாட்டர்ஸ், ஆஸ்பத்திரி. பெண்டாட்டி விருத்தாம்பாள் மார்ச்சளியில் மூச்சு இழுத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். "டாக்டரு ஒரு தரம் கொழா வச்சுப் பாத்தா போதுங்க" என்பதுதான் அவள் கேட்டது. இதைவிடக் குறைவாக ஒரு மனுஷி என்ன கேட்பாள்?

மறுநாள் ஆபீசர் வந்தார். வெளியூர்க்காரர், வெள்ளைச் சட்டை, கையில் குடை. குழந்தைவேல் ஆட்களிடம் முன்பே கெஞ்சியிருந்தான். "முருகா" என்பான், "வேலா" என்று சொல்லித் தூக்க வேண்டும். முதல் பைப்பு தள்ளாடித் தள்ளாடிப் போய்ச் சேர்ந்தது. ரெண்டாவதைப் பள்ளத்து ஓரத்தில் தூக்கும்போது வந்தது வினை. பாதிப் பேர் "வே"யில் எழுந்தார்கள், பாதிப் பேர் "லா"வில் எழுந்தார்கள். பைப்பு சாய்ந்தது. கடைசியில் நின்ற வைத்திலிங்கம் சேற்றில் வழுக்கி உட்கார்ந்துவிட்டான். பைப்பு அவன் தொடைக்கு நேராக இறங்குகிறது.

"ஐயோ, அண்ணே!"

"முருகா!" என்றான் குழந்தைவேல். தோள்கள் ஆளுக்கொரு பக்கம் நடுங்கின. மறுபடியும் "முருகா!" பைப்பு இன்னும் ஒரு சாண் இறங்கியது. விருத்தாம்பாளின் மூச்சு அவன் காதில் இழுத்தது. குடைக்கு அடியில் ஆபீசர் அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் அவள் போச்சு, சொல்லாவிட்டால் இவன் போச்சு. கடங்காரத் தொண்டை, அதற்கு அதுதான் தெரியும்.

"நெலத்தக் குடுத்தோம்!"

"வேலையக் குடு!"

பைப்பு ஒரே தூக்கில் எழும்பியது. வைத்திலிங்கம் புரண்டு வெளியே வந்தான். யாருக்கும் கீறல் இல்லை. பைப்பை வைத்துவிட்டு எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆபீசர் கிட்டே வந்தார். கோபம்கூட இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"நல்லா ஆளைக் காப்பாத்தினே. உன்மேல எனக்கு ஒண்ணும் இல்லை. இதைக் கட்டினது யாரு? அதை மட்டும் சொல்லிடு. வேலை உனக்குத்தான்."

அவன் நம்பவே முடியாமல் நிமிர்ந்தான். இவ்வளவுதானா? உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவாரா?

"நாந்தாங்க கட்டினேன்."

ஆபீசர் சிரித்தார். "நாலு ஊரு கத்துது. மேடையில அர்த்தம் சொல்றான். பைப்பு தூக்கற நீ கட்டினியா? யாருய்யா சொல்லிக் குடுத்தது? கட்சிக்காரனா, யூனியனா?"

"சத்தியமா நாந்தாங்க. அதோ, அந்த மேட்டுலதான்..."

"ஆமாங்க, அவன்தாங்க. நானும் கூட இருந்தேன்" என்றான் பாவாடை.

"பாத்தியா, எல்லாரும் ஒரே பாட்டைப் படிக்கிறீங்க. நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கான்."

அய்யாசாமி பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளி, காதோரம் முணுமுணுத்தார். "எவன் பேரையாவது சொல்லித் தொலையேன்டா." எவன் பேரை? டீக்கடை வேணுவையா? பண்ருட்டிப் பேச்சாளரையா? எவனைச் சொன்னாலும் அவனை ராத்திரிக்குள் ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். அவன் வூட்டிலும் ஒருத்தி மூச்சு இழுத்துக்கொண்டு கிடப்பாளோ என்னவோ. மைன்ஸையே எழுப்புகிற தொண்டையில் ஒரு பேர் வர மாட்டேன் என்கிறது.

"கடைசியா கேக்கறேன். பேரு?"

"குழந்தைவேலுங்க."

"உன் பேரைக் கேக்கலைய்யா" என்றார் ஆபீசர். "கட்டினவன் பேரைக் கேட்டேன்."

குடையை மடக்கிக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.