வயிற்றில் பிறக்காத செல்கள்

ஐந்து வருடமாக ஆய்வு மாணவி ரூயின் ஆய்வுக்கூடத்தில் ஊட்டி வளர்த்தவை வயிற்றுப் புற்றுச் செல்களே அல்ல, கருப்பைவாய்ப் புற்றுச் செல்கள் என்றது சோதனை அறிக்கை. புரதம் எதையும் உண்டாக்காத ஓர் ஆர்.என்.ஏ. துண்டை அடக்கினால் வயிற்றுப் புற்றின் வளர்ச்சி நின்றுபோகும் என்று இவற்றை வைத்துத்தான் அவள் நிரூபித்திருந்தாள். ஆய்விதழ் செல்லின் அடையாளச் சான்று கேட்டதால் வந்த வினை. கட்டுரை வெளிவராவிட்டால் முனைவர் பட்டம் கிடையாது.

சீனாவின் லான்ஜோ நகரில் ஆய்வு மாணவர்கள் பேராசிரியரை முதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள். பொருத்தமான பெயர்தான். முதலாளி ஓயாங் மாட்டிறைச்சி நூடுல்ஸை உறிஞ்சியபடியே அறிக்கையைப் பார்த்தார்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிக்கிற? அசல் வயித்துச் செல் ஒரு குப்பி வாங்கி சோதனைக்கு அனுப்பு. சான்று தானா வந்துரும்."

"நாம பண்ண வேலையெல்லாம் பழைய செல்லுலல்ல, முதலாளி?"

"அத ஏன் அவங்ககிட்ட சொல்ற? வயசு முப்பத்தொண்ணு ஆச்சு. இன்னும் அஞ்சு வருஷம் இங்கயே குப்பி கழுவப் போறியா? நான் நாளைக்கு மாநாட்டுக்குப் போறேன். செல்லுக்குப் பொறுப்பேத்து இதழுக்கு ஒரு கடிதம் எழுதி, நீயே கையெழுத்துப் போட்டுரு."

முப்பத்தொன்று என்றதும் அவள் போய் அசல் செல்லுக்கு எழுதிப் போட்டாள். அவை வந்தன. மனசு கேட்காமல் அதே ஆர்.என்.ஏ.வை அவற்றிலும் அடக்கிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை, ஜம்மென்று வளர்ந்தன. அந்தத் தட்டைக் குப்பையில் போட்டுவிட்டு, அசல் செல்லின் சான்றையும் கையெழுத்திட்ட கடிதத்தையும் இதழுக்கு அனுப்பினாள்.

கட்டுரை வந்தது, பட்டமும் வந்தது. அதே ஆய்வுக்கூடத்தில் வேலையும் கிடைத்தது. மூன்றாம் மாதம் செங்டு நகரிலிருந்து ஒரு மருத்துவர் எழுதினார்: "உங்கள் கட்டுரையை நம்பி மருந்து தேட ஆரம்பித்திருக்கிறோம். நீங்கள் பயன்படுத்திய செல்களில் ஒரு குப்பி வேண்டும்."

ரூயின் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பழையதை அனுப்பினால் சோதித்ததுமே குட்டு வெளிப்படும். அசலை அனுப்பினால் கட்டுரை பொய்யென்று தெரியும். சும்மா இருந்தாலோ, அந்த மருந்து ஒருநாள் யாரோ நோயாளியின் உடம்பில் ஏறும். உறைகலனிலிருந்து இரண்டு குப்பிகளையும் எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்கு ஓடினாள்.

"எத அனுப்பட்டும்?"

"என்னையேன் கேக்குற? செல்லுக்கு நான்தான் பொறுப்புன்னு எழுதிக் குடுத்தது நீதானேம்மா. அதுல என் கையெழுத்தே கிடையாதே."

அவளுக்கு அழுகையைவிட அவமானம்தான் முந்திக்கொண்டு வந்தது. அவர் அவள் கைகளைப் பார்த்தார்.

"ரெண்டும் உருகுது பாரு. சீக்கிரம் முடிவு பண்ணு."