படகுக்காரன் அழைப்பு

ஃபிக்ரி கடைசியாகப் பிதுக்கிய துர்முஸ் கொட்டை குறி தவறி லபீபின் சட்டையில் பட்டு விழுந்தது. உப்புநீரில் ஊறிய மஞ்சள் கொட்டை அது. நுனியைக் கடித்து இரண்டு விரலால் பிதுக்கினால் பருப்பு வாய்க்குள் பாய வேண்டும். கெய்ரோவின் நடுவூரில், பெரிய சாலையை ஒட்டிய அந்தப் பழைய மதுக்கடையில் இருபத்திரண்டு வருடமாக வியாழக்கிழமை மத்தியானங்களை அவர்கள் இருவரும் பியரும் கொட்டையுமாகக் கழித்து வந்தார்கள்.

"குறி தப்புதுடா உனக்கு. வயசாயிடுச்சு," என்றார் லபீப்.

"எனக்கா? போன வாரம் கழிப்பறைக்குப் போயிட்டு வேற மேசையில போய் உக்காந்தது யாரு? அந்தாளோட பியர்ல பாதியக் குடிச்ச பிறகுதானே முழிச்ச!"

மேசை துடைத்துக்கொண்டிருந்த ஸக்கி நிமிரவில்லை. "அந்தாளு அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரல பாஷா."

மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்ற பிறகும் ஃபிக்ரிக்கு மூச்சு வாங்கியது. "மாடி ஏறி ஏறி இப்படி ஆயிட்டேன்," என்று அதையும் வேடிக்கையாக்கினார். மனைவி மகளோடு கனடாவுக்குப் போய் மூன்று வருடம். பக்கத்துத் தெருவில், ஐந்தாவது மாடியில் தனியாக இருந்தார்.

ஐந்து மணிக்கு எழுந்து வாசலுக்கு வந்தார்கள். வழியனுப்ப ஸக்கியும் வந்து நின்றார்.

"மேல வாயேன். முயல் வச்சிருக்கேன், முலூக்கியாக் கீரையோட," என்றார் ஃபிக்ரி.

லபீப் முறைப்படி நெஞ்சில் கை வைத்தார். "உன் கைக்குக் குறை வராம இருக்கட்டும். இன்னொரு நாள்."

"வாடா. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ."

"வீட்ல காத்துக்கிட்டிருப்பா."

நைல் நதியின் நடுவே படகில் சாப்பிடுகிறவன் கரையில் நிற்பவனைப் பார்த்து, வாங்க சாப்பிடலாம் என்று கத்துவான். கரையில் நிற்பவன் நீந்தியா வருவான்? வாய்வார்த்தைக்குக் கூப்பிடுவதை அந்த ஊரில் படகுக்காரன் அழைப்பு என்பார்கள். முதல் தடவை கூப்பிடுவது மரியாதைக்கு. இரண்டாவது, அந்த மரியாதை குறையாமல் இருப்பதற்கு. மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் அடுப்பில் நிஜமாகவே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். லபீப் ஒரு மூச்சு நேரம் நின்று பார்த்தார். ஃபிக்ரி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். லபீப் சாலையைக் கடந்து ரயிலைப் பிடித்தார்.

சனிக்கிழமை காலை கட்டடத்துக் காவலாளி ஃபிக்ரியின் கதவை உடைத்தான். வியாழன் பொழுது சாய்வதற்குள் இதயம் நின்றிருக்கும் என்றார் டாக்டர். பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் ஆஸ்பத்திரிக்காவது கொண்டுபோயிருக்கலாம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பையை மூடினார்.

மேசையில் இரண்டு தட்டு, இரண்டு கரண்டி. பானையில் முயல் தொடப்படாமல் கெட்டுப்போயிருந்தது.

"காலையிலயே என்னை வாங்கியாரச் சொன்னாரு," என்றான் காவலாளி லபீபிடம். "லபீப் வர்றான், பெருசா பாத்து வாங்குன்னாரு."

அடக்கம் முடிந்து வந்த நாள் முதல் லபீபின் மனைவி அவருக்குத் தேறுதல் சொன்னாள். "ரெண்டு தடவைதானே கூப்பிட்டாரு? ரெண்டாவதுக்கே கிளம்பிப் போனா ஊரு என்ன சொல்லும்? முடியலன்னு வாயத் திறந்து சொல்லியிருக்கணும் அவரு." அந்த இரண்டை லபீப் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இரண்டு என்றால் தப்பு ஊர் வழக்கத்தின் மேல். மூன்று என்றால் தன் மேல்.

ஆனாலும் அவர் பழைய மனிதராக இல்லை. ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவன் ரொட்டியைப் பிரித்து, வழக்கம்போல் "எடுத்துக்கோங்க ஹாஜி" என்று நீட்டினான். லபீப் வாங்கிச் சாப்பிட்டார். முழுவதையும். அவன் வெறும் காகிதத்தையும் இவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவர் வேலை பார்த்த அச்சகத்தில் முதலாளி பேச்சுக்கு "வீட்டுக்கு வாங்களேன்" என்றதற்கு அன்று மாலையே போய் நின்றார். முதலாளியின் மனைவி முட்டை பொரித்துப் போட்டாள். முதல் தடவையிலேயே போய்விடுகிறார் என்று எல்லோரும் அவர் முன்னால் கூப்பிடுவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

ஃபிக்ரியின் நாற்பதாம் நாள் துக்கத்துக்குப் பிறகு வந்த வியாழக்கிழமை மதுக்கடைக்குப் போனார். ஸக்கி கேட்காமலேயே ஒரு பியரும் ஒரு கிளாசும் கொண்டுவந்து வைத்தார்.

"அன்னைக்கு வாசல்லதான நின்னீங்க ஸக்கி அண்ணே. அவன் என்னை ரெண்டு தடவ கூப்பிட்டான், இல்ல?"

ஸக்கி தோளில் கிடந்த துணியை எடுத்து மடித்தார். "மூணு தடவ பாஷா. மூணாவது கூப்பிடறப்ப நீங்க ரோட்டுக்கு நடுவுல. ஒரு பஸ்ஸு ஹாரன் அடிச்சுக்கிட்டே போச்சு. 'அவனுக்கு எம்மேல கோவமா?'ன்னு எங்கிட்ட கேட்டாரு. 'காதுல விழுந்திருக்காது பாஷா'ன்னேன். கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போனாரு."

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் அவர் சொன்னார்.

லபீப் பியரைத் தொடவில்லை. வாசலுக்கு வந்து நின்றார். படிப்பதற்கென்று வைத்திருந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எதையோ தேடுகிறவர் மாதிரி சாலையைப் பார்த்தார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் ஃபிக்ரியின் உதடு அசைவது தெரிந்திருக்கும்.

அந்த இடத்தில் நடைபாதை முழங்கால் உயரம். இறங்குகிறவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்து, காலைப் பார்த்துத்தான் இறங்குகிறார்கள்.