ஒரே நாளில் பிறந்த தெரு

கீழச்செறுகுடியில் தண்ணீர் மேட்டில் ஏறும். முழங்கால் உயர மேடுதான், இருந்தாலும் ஏறும். அளவெடுக்க வந்த பொறியாளர் ஒருவர் கருவியை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு டீ குடித்தார். கருவியில் கோளாறு என்று எழுதிக்கொண்டு திருத்துறைப்பூண்டி பஸ்ஸைப் பிடித்தார். ஊரில் யாரும் அவரை நிறுத்தி விளக்கம் சொல்லவில்லை. கல்லணையில் ஆறாகப் புறப்படுகிற காவிரி, கிளை பிரிந்து, கிளைக்குள் கிளை பிரிந்து, முத்துப்பேட்டைக் காயலுக்குச் சற்று முன்னால் ஒரு வாய்க்காலாக இளைத்து, கடைசி மடையில் போய் மூச்சு விடுகிற இடம் அது. அதற்கப்புறம் உப்புத் தரையும் நண்டும்தான். தண்ணீர் அதுவரைக்கும் வந்து சேர்வதே பெரிய சமாசாரம் என்பதால், வந்தது ஏறி வந்ததா இறங்கி வந்ததா என்று விசாரிக்கிற வழக்கம் அங்கே இல்லை. காரணம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். கீழத்தெருவில் ஐம்பது தாண்டியவர்கள் அத்தனை பேரும் முத்து மோதிரம் போட்டிருக்கிறார்கள். அத்தனை பேரும் ஜூன் இரண்டாம் தேதி பிறந்தவர்கள்.

உண்மையில் ஒருவர்கூட அன்றைக்குப் பிறக்கவில்லை. அவர்கள் பிறந்த காலத்தில் பிள்ளைப்பேறு என்பது இரண்டு வயல் வேலைக்கு நடுவே முடித்துக்கொள்ள வேண்டிய காரியம். "சம்பா நடவப்ப", "வெள்ளத்துக்கு மறு வருஷம்" என்கிற அளவில்தான் தேதி நிற்கும். தலைமையாசிரியர் அப்துல் அஜீஸ் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளைத் துரத்திப் பிடித்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது பிறந்த தேதி கேட்டார். பெற்றவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். அவர் ஜூன் இரண்டு என்று எழுதினார். அடுத்த வருஷமும் ஜூன் இரண்டு, அதற்கடுத்த வருஷமும் ஜூன் இரண்டு. அக்காவும் தம்பியும் ஒன்றாக வந்து நின்றால் மட்டும், தாயின் உடம்பைக் கருதி, நடுவில் ஒரு வருஷம் விட்டார்.

ரெத்தினம் அப்படி ஜூன் இரண்டில் பிறந்தவள். கணவர் போன பிறகும் கடைசிக்கு முந்தின மடையில் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்து சம்பா போட்டுக்கொண்டிருந்தாள். பெரிய குறை என்று எதுவுமில்லை. தான் என்றைக்குப் பிறந்தோம் என்று தெரியாதது ஒன்றுதான் குறை. வயது ஏற ஏற அது செருப்புக்குள் கிடக்கும் நெல் மாதிரி குத்தியது. கோயிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்டால் "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்பாள். நாற்பது வருஷமாகத் தன் காசில் சாமிக்கே சிபாரிசு பண்ணிக்கொண்டிருந்தாள்.

மகள் சுடர்விழி தஞ்சாவூரில் மருந்தாளுநர். ஒரு ஜூன் மாதத்தில், அம்மாவுக்கு ராசிக்கல் மோதிரம் வாங்கித்தருவது என்று முடிவுகட்டி நாகூருக்கு அழைத்துப்போனாள். அங்கே கல் வியாபாரி ஹபீப் முகம்மதுவுக்குக் கல்லின் மேல் நம்பிக்கை கிடையாது. அதனாலேயே ஊர்ப்பட்ட ஜனத்துக்கு அவர் மேல் நம்பிக்கை.

"தேதி சொல்லுங்கம்மா."

"ஜூன் ரெண்டுங்க. வாத்தியார் போட்ட தேதி."

"யார் போட்டா என்ன, தேதி தேதிதானே. ரெண்டாம் நம்பர் சந்திரன், சந்திரனுக்கு முத்து. இங்கிலீஷ் மாசக் கணக்குலயும் ஜூனுக்கு முத்துதான். ரெண்டு கணக்கும் ஒத்துப்போறது லேசில்ல, ஒரே வீட்டு மருமகளுக ரெண்டு பேர் ஒத்துப்போன மாதிரி."

மாணிக்கம் அதிகாரம் தரும், பவளம் துணிச்சல் தரும், மரகதம் வியாபாரம் தரும், முத்து மனசை அடக்கும் என்று அவர் விலைவாசி சொல்கிற குரலில் சொன்னார். ஒரு முத்தை எடுத்து முன்பல்லில் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். நறநறத்தால் நல்ல முத்து, வழுக்கினால் கண்ணாடி. வெள்ளியில்தான் கட்ட வேண்டும். அடிப்பக்கம் திறந்திருந்து கல் விரலைத் தொட வேண்டும். திங்கட்கிழமை காலையில் போட வேண்டும். "யூரியா தெளிக்கறப்ப கழட்டி வச்சிருங்க, முத்துக்கு ஆகாது. தண்ணி சேரும்னும் சொல்லுவாங்க. ஜலதோஷத்தத்தான் சொல்றாங்கன்னு நெனைக்கிறேன்."

திங்கட்கிழமை ரெத்தினம் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு டீ டம்ளரை எடுத்தபோது டீ அவள் விரல் பக்கமாகச் சாய்ந்து நின்றது. மத்தியானம் இலையில் ஊற்றிய ரசம் சோற்றைச் சுற்றிக்கொண்டு வந்து கையைத் தொட்டது. எதிர்வீட்டு அம்சம் இதைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, எனக்கும் அதே தேதிதானே, எனக்கு மட்டும் ரசம் வராதா?" என்று அந்த வாரமே நாகூருக்கு பஸ் ஏறினாள். ஆடி பிறப்பதற்குள் தெருவே முத்துப் போட்டுக்கொண்டது. ஒரு மாதம் தெரு முழுக்க மூக்கு ஒழுகியது. பிறகு மேட்டூர் திறந்து முறைத் தண்ணீர் விட்டார்கள். வாய்க்காலில் வந்த தண்ணீர் வழக்கமாக நிற்கிற இடத்தில் நிற்காமல், மேட்டில் ஏறி, ரெத்தினத்தின் வயலைக் கடந்து, அம்சத்தின் வயல் கடைசி மூலை வரைக்கும் போய்ப் படுத்துக்கொண்டது. அம்சத்தின் வயலுக்கு அவள் நினைவு தெரிந்து வாய்க்கால் தண்ணீர் வந்ததில்லை. அவள் கொஞ்சம் அழுதாள்; அதுவும் கன்னத்தில் இறங்காமல் மோதிரக் கை பக்கமாகவே ஓடியது.

தெருவின் மோதிரமெல்லாம் சேர்ந்து இழுக்கிற இழுவை சரிக்குச் சரியாக இருந்தது, மிச்சம் கிடையாது. உரம் தெளிக்கிற ஒருவர் மோதிரத்தைக் கழற்றி மாடத்தில் வைத்தால்கூட அம்சத்தின் வயலில் தண்ணீர் ஒரு முழம் பின்வாங்கும். அதனால் யூரியா போடுவதற்குத் தெருவில் முறை வைத்துக்கொண்டார்கள். இப்படியே சில வருஷம் நல்ல விளைச்சலாகப் போயிற்று.

தலைமடையான மேலச்செறுகுடியில் துரைராசுவுக்கு மட்டும் சங்கடம். அவர் குடும்பத்து நிலத்தில் தலைமுறை தலைமுறையாக முதலில் நுழைந்த தண்ணீர், இப்போது ஸ்டாப்பில் நிற்காத எக்ஸ்பிரஸ் பஸ் மாதிரி அவர் மதகைத் தாண்டிப் போயிற்று. காரணத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டு, அவரும் வீட்டார் எல்லோருக்கும் கல் வாங்கிப் போட்டார். சிக்கல் என்னவென்றால், அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் பிறந்த நாழிகை வரைக்கும் ஜாதகம் உண்டு. ஒருவருக்குப் பவளம், ஒருவருக்குக் கோமேதகம், ஒருவருக்கு மரகதம். ஒன்று இழுத்தால் மற்றது தள்ளியது. தண்ணீர் வயலுக்குள் வந்து தட்டாமாலை சுற்றிவிட்டுப் போனது. தவளைகளுக்குத் தலைசுற்றல் கண்டது. எல்லோரும் முத்துப் போட்டும் பார்த்தார்கள். ஒருவர் தேதிக்கும் முத்து இல்லாததால் அது சும்மா அழகாக இருந்தது.

அவருடைய அக்கா மங்களாம்பிகை கல்யாணமாகாமல் அந்த வீட்டிலேயே இருந்தவர். மாசி மகத்தில் பிறந்தவர். மகத்துப் பெண் ஜகத்தை ஆளும் என்பார்கள். அவருக்கு அடுப்படியைக்கூட யாரும் முழுசாகக் கொடுக்கவில்லை. ஒருநாள் பேச்சுவாக்கில் அவர் தம்பியிடம் சொன்னார்: தான் பிறந்த அன்று, அதே நேரத்தில், உளுந்து பறிக்க வந்த ஒருத்தி வைக்கோல்போர் மறைவில் ஒரு பெண்ணைப் பெற்றாள். இரண்டு அழுகையும் ஒன்றாகக் கேட்டது. ஜோசியர் ஒன்றை மட்டும் குறித்துக்கொண்டார். இன்னொன்றுதான் ரெத்தினம்.

துரைராசு மார்கழியில் கீழத்தெருவுக்கு வந்தார். அவர் அப்பா காலத்தில் அந்தத் தெருக்காரர்களை "ஏ, இந்தா" என்றுதான் கூப்பிட்டார்கள். இவருக்குக் காரியம் ஆக வேண்டியிருந்ததால் "ங்க" போட்டுப் பேசினார்.

"ரெத்தினம்மா, நல்லா இருக்கீங்களா? நீங்க எப்பப் பொறந்தீங்கன்னு எனக்குத் தெரியும்ங்க. மணி முதற்கொண்டு. தெரிஞ்சுக்கணும்னா வீட்டுப் பக்கம் வாங்க."

ரெத்தினம் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். அவருக்கு என்ன வேண்டும் என்பது புரியாமலில்லை. போனில் ஹபீப் முகம்மதுவைக் கேட்டாள். "ஒரு தேதி உங்க தேதியா இருக்கற வரைக்கும்தாம்மா கல்லு வேலை செய்யும். வேற தேதி தெரிஞ்சுகிட்டா அது வெறும் சிப்பியோட எச்சில்" என்றார் அவர். அம்சத்தின் வயலில் கதிர் பால் பிடிக்கிற நேரம்; இன்னும் ஒரு தண்ணீர் வேண்டும்; மேட்டூரை மூடப்போகிறார்கள். எல்லாம் ரெத்தினத்துக்குத் தெரியும். ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு காலையில் மேலச்செறுகுடிக்கு நடந்துபோய், "சொல்லுங்க" என்றாள்.

உண்மையான தேதிக்கு நாலு கல் வந்தது. ராசிக்கு மாணிக்கம், நட்சத்திரத்துக்கு வைடூரியம், பிப்ரவரி இருபத்துநாலில் இரண்டையும் நாலையும் கூட்டினால் ஆறு என்பதால் வைரம், இங்கிலீஷ் மாதத்துக்குச் செவ்வந்திக்கல். "நெசம்னா இப்படித்தாம்மா, ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகாது" என்றார் ஹபீப் முகம்மது. துரைராசு மாணிக்க மோதிரமாகவே வாங்கிக் கையில் வைத்திருந்தார். ரெத்தினம் அதைப் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் கையைக் காட்டாமலே அரசு பஸ் நின்றது. தெருநாய்கள் எழுந்து வழிவிட்டன. அந்த மாத மகத்தன்று கோயிலில் "ரெத்தினம், மக நட்சத்திரம்" என்று தன் வாயால் சொல்லி அர்ச்சனை செய்துகொண்டு, தூண் ஓரமாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. அதே நேரத்தில், மோதிரம் கழன்றால் ஒரு முழம் பின்வாங்குகிற தண்ணீர், தேதியே கழன்றுவிட்டதால் அவள் வரப்பு வரைக்கும் மட்டும் வந்து, அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டது.

மறுநாள் வயலுக்குப் போனபோது, வெடித்துக்கொண்டிருந்த கடைசி மூலைக்கு அம்சம் குடத்தில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "நீ பொறந்துட்டடி, சந்தோஷம். என் நெல்லுதான் இன்னும் பொறக்கல."

ரெத்தினம் மாணிக்கத்தைக் கழற்றி முந்தானையில் முடிந்தாள். முத்தைப் போட்டுக்கொண்டு, அந்தக் கையை வாய்க்காலுக்குள் விட்டாள். தண்ணீர் கையைச் சுற்றிக்கொண்டு தன் பாட்டுக்குப் போனது. தெரிந்ததை மறக்கப் பார்த்தாள். மகம், மகம் என்றே மனசு அடித்துக்கொண்டது. அவளும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் வெயில் ஏறும் வரை சுமந்தார்கள். கால் குடம் ஊற்றினால் அரைக் குடத்தை மண் கேட்டது. இடுப்பு விட்டுப்போய் வரப்பில் உட்கார்ந்தபோது, பேச்சை மாற்றுவதற்காக அம்சம்தான் ஆரம்பித்தாள்.

"அஜீஸ் வாத்தியார் நம்மள மொத மொதல்ல பள்ளிக்கூடத்துல கொண்டுபோயி நிறுத்துனாரே, அன்னைக்குப் பேரு என்னன்னு கேட்டப்ப நீ முழிச்ச முழி இருக்கே!"

"பேரு எங்கடி இருந்துச்சு எனக்கு? வீட்ல பாப்பா. பெரிய வீட்டு வயல்ல குட்டி. அவரு பேனாவைத் தொறந்து வச்சிக்கிட்டு, நான் சொல்ற வரைக்கும் நிக்கிறாரு."

"அதுக்குன்னு ரைஸ்மில் பேரைச் சொல்லுவியா?"

"ரெத்தினம் மில்லு சங்கு நல்லா ஊதும்டி. அதான் சொன்னேன்."

"நீ சொன்ன தைரியத்துலதான் நான் அம்சம்னேன். எங்காத்தா எனக்கு வேற என்னமோ வச்சிருந்தா." அம்சம் சிரித்து முடித்து, மூக்கைச் சிந்தினாள். "அன்னைக்கு என்ன தேதிடி?"

"ஜூன் ரெண்டு. பள்ளிக்கூடம் தொறந்த நாளு. அதத்தானே எழுதுனாரு" என்றாள் ரெத்தினம். விரலில் இருந்த முத்தைத் திருகினாள். பிறகு, "அதுக்கு முன்னாடி ரெத்தினம்னு ஒருத்தி கெடயாதுல்ல?" என்றாள்.

"மில்லு ஒண்ணுதான் இருந்துச்சு" என்றாள் அம்சம்.

அப்போது அவர்கள் உட்கார்ந்திருந்த இடம் ஈரமாகத் தொடங்கியது. தண்ணீர் வரப்பில் ஏறி, இருவருக்கும் நடுவே வழி கேட்டுக்கொண்டு, கடைசி மூலைக்குப் போனது. அம்சம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். மேட்டூரை மூடும் முன்னால் கதிர் பால் பிடித்து முற்றியது.

மாணிக்கத்தை ரெத்தினம் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "மகத்துல பொறந்தது உங்க வயல்ல ஓடித் திரிஞ்ச குட்டிங்க. அது இப்ப இல்ல. ரெத்தினம் ஜூன் ரெண்டுல பொறந்தவ." துரைராசு மோதிரத்தை வாங்கிக்கொண்டார். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த மங்களாம்பிகைதான் வாசல் வரைக்கும் கூடவே வந்தார்.

"என்னை யாரும் பேரு கேட்டதே இல்ல ரெத்தினம். பொண்ணு பார்க்க வந்தவங்ககூட ஜாதகத்தைத்தான் கேட்டாங்க. அதைப் பாராட்டிட்டு வேற எடத்துல கட்டிக்கிட்டாங்க."

அடுத்த ஜூன் இரண்டாம் தேதி காலை மங்களாம்பிகை துவைத்த சேலையைக் கட்டிக்கொண்டு, ரெத்தினத்தின் துணையோடு, ஒன்றாம் வகுப்பில் சேர வந்த பிள்ளைகளின் வரிசையில் நின்றார். அந்த ஊரில் எல்லாவற்றுக்கும் பழகியிருந்த தலைமையாசிரியை, முறை வந்ததும், "உங்க பேரு சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். "மங்களம்" என்றார் அவர். யோசித்து, "அம்பிகை வேணாம், பாரமா இருக்கு" என்றார். மத்தியானமே இருவரும் நாகூர் போய், பல்லில் தேய்த்துப் பார்த்து, நறநறத்த முத்து ஒன்றை வெள்ளியில் கட்டி வாங்கி வந்தார்கள்.

அந்த வருஷத்திலிருந்து தண்ணீர் துரைராசுவின் மதகில் நின்று, மங்களத்துக்காக அந்த வீட்டு வயலுக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டு, பிறகு கீழே போகிறது. முதல் வருஷம் துரைராசு, தண்ணீர் கீழே போகாதபடி மதகை அடைத்துப் பார்த்தார். தண்ணீர் பலகை மேல் ஏறிப் போய்விட்டது. இரண்டாம் வருஷத்திலிருந்து அவர் அடைப்பதில்லை. ஜூன் இரண்டாம் தேதி அக்கா கிண்டித் தருகிற கேசரியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு கீழத்தெருவுக்கு வந்து, வீடு வீடாக நின்று, "பொறந்தநாள் வாழ்த்துக்கள்ங்க" என்று கொடுத்துக்கொண்டே போகிறார். கடைசியில் அம்சம் வீட்டுக்கு வருகிறபோது வாளி அநேகமாகக் காலி. கடைமடை என்றால் அப்படித்தான் என்பாள் அம்சம். தட்டையும் மோதிரக் கையையும் நீட்டிக்கொண்டு நிற்பாள். அடியில் ஒட்டியிருக்கிற கேசரி நெய்யோடு உருகி, வாளியின் பக்கத்தில் மெதுவாக ஏறி, விளிம்பைத் தாண்டி அவள் தட்டில் வந்து விழும். துரைராசு அதுவரைக்கும் வாளியைச் சாய்க்காமல் நேராகவே பிடித்துக்கொண்டிருப்பார்.