மூன்றில் ஒரு பங்கு உயிர்

விளையாட்டுத் திரையில் மின்னலின் வேட்டைக்காரன் மூன்றாவது முறையாகச் சுருண்டு விழுந்தான். வேட்டை தோல்வி என்று சிவப்பு எழுத்து வந்தது. எறும்புத்தின்னி போன்ற செதிலும் சம்மட்டி போன்ற வாலும் கொண்ட அந்த மிருகம், செத்தவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் புதருக்குள் போயிற்று. மின்னலோடும் அவருடைய மகளோடும் இணையம் வழியாகச் சேர்ந்து ஆடிய இருவரில் ஒரு பெண்ணின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது. "சரி, இன்னைக்கு இவ்வளவுதான். நான் போறேன்." இன்னொருவன் சொல்லாமலே போய்விட்டான். மகள் கையிலிருந்த விளையாட்டுக் கருவியை மடியில் வைத்தாள்.

மின்னல் என்பது தொழிற்சாலையில் வைத்த பெயர். தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் பிரிவில் இருபத்திரண்டு வருடம். தகட்டை அச்சுக்குள் வைத்து எடுக்கும் வேகத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. வாசலுக்குப் பக்கத்திலிருந்த பலகையில் மாதாமாதம் அவருடைய எண்ணிக்கைதான் மேலே நிற்கும். இப்போது அந்த வலது கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் இல்லை. மிச்ச விரல்களுக்கு ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று கைப்பயிற்சி கொடுத்த அம்மாள் சொன்னாள். ரப்பர் பந்தை அழுத்தி அழுத்தி அவருக்கு வெறுத்துப்போனது. கல்லூரி முதலாண்டு படிக்கும் மகள்தான் இந்த விளையாட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். எந்தப் பொத்தான் எந்த விரலுக்கு எட்டும் என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து மாற்றி அமைத்துக் கொடுத்தாள். முதல் வாரம் கிண்டலாக ஆரம்பித்தவர், இரண்டாம் வாரத்தில் அவள் கல்லூரியிலிருந்து வரும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

"அப்பா, இங்க வாங்க. இதப் பாத்துட்டு அப்புறம் ஆடலாம்" என்று மகள் அவருடைய வேட்டைக்காரனைப் பயிற்சிக் கூடத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே அடி வாங்குவதற்கென்றே ஒரு மரப்பொம்மை நின்றது. "அடிங்க."

அடித்தார். பொம்மையின் தலைக்கு மேல் நூறு என்று எழுந்தது.

"இப்ப உயிர மூணுல ஒரு பங்குக்குக் கீழ எறக்குறேன். இப்ப அடிங்க."

நூற்று முப்பத்தைந்து.

"பாத்தியா! நான் சொன்னேன்ல!"

"சொன்னீங்க. ஆனா பாதிதான் புரிஞ்சு வச்சிருக்கீங்க." உயிர் குறைந்தால் அடியின் பலத்தைக் கூட்டும் அந்தத் திறனுக்கு மகள் சாவுவெறி என்று தானே பெயர் வைத்திருந்தாள். "இது உயிர் கம்மியா இருக்கறப்பதான் வேலை செய்யும். ஒரு வாய் மருந்து குடிச்சு உயிர் ஏறுச்சுன்னா அணைஞ்சிடும். அதான் நீங்க மருந்தே குடிக்க மாட்டேங்கறீங்க. அதோட, இதப் போட இடம் வேணும்னு கவசத்துல இருந்த காப்புக் கல்ல வேற பிடுங்கி வச்சிருக்கீங்க. நான் போட்டிருக்கறது பத்து சதவீதந்தான் கூட்டும். ஆனா எப்பவும் கூட்டும்."

"பத்து எங்க, முப்பத்தஞ்சு எங்க. வேகமா முடிச்சா நல்லதுதானே?"

"வேகமா எங்கப்பா முடிஞ்சுது? முடியவே இல்லையே."

அவர் பொம்மையை இன்னொரு அடி அடித்தார். பிறகு, விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "அடி படாம ஆடத் தெரிஞ்சவனுக்கு இது போதும். விழுந்தா நான்தானே விழறேன்" என்றார்.

"அங்கதான் தப்பா புரிஞ்சுக்கிட்டீங்க." மகள் குரலை உயர்த்தவில்லை. "ஆளுக்கு மூணு தடவ விழலாம்னு இல்லப்பா. நாலு பேருக்கும் சேத்துதான் மூணு. நீங்க மூணு தடவ விழுந்தீங்க. நாங்க மூணு பேரும் ஒரு தடவகூட விழல. ஆனா தோத்தது நாங்களும்தான். நம்மகூட ஆடின அந்த அக்கா அவங்க பக்கம் எதுல தப்புன்னு இப்ப தேடிக்கிட்டு இருப்பாங்க."

திரையில் மரப்பொம்மை அடுத்த அடிக்காகக் காத்து நின்றது. விரல் இல்லாத இடத்தில் குறுகுறுவென்று ஏதோ ஊர்ந்தது. "போதும்மா, தலை வலிக்குது" என்று எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் ஓட்டிய அந்தப் பழைய பிரஸ்ஸுக்கு இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் மேலிருக்கும் இரும்பு இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் அச்சுக்குள் எந்தக் கையும் இருக்காது, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. மின்னல் ஆப்புபோல ஒரு மரச்சக்கையைச் செதுக்கி, வலது பொத்தான் அழுந்தியே இருக்கும்படி செருகி வைப்பார். இடது கை அழுத்தும், வலது கை தகட்டைத் தள்ளும். மற்றவர்கள் நூறு அடிக்கும் நேரத்தில் அவர் நூற்று நாற்பது அடிப்பார். மேஸ்திரி வந்தால் சக்கை சட்டைப்பைக்குள் போய்விடும். சக்கை வைக்கத் தொடங்கி எட்டு வருடம் ஒரு கீறல் இல்லை. ஒன்பதாவது வருடத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. அதில் அவரால் இன்றுவரை ஜீரணிக்க முடியாதது ஒன்று உண்டு. கத்துவதற்கு முன்னால், வலி வருவதற்கும் முன்னால், அவருடைய இடது கை தானாகப் போய் அந்தச் சக்கையைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டது. அதற்குப் பிறகுதான் கத்தினார்.

பொத்தானைத் தொடாமலே பிரஸ் தானாக இறங்கிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். அன்று காலையில் அந்த இயந்திரத்தைச் சோதித்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவன் ஃபிட்டர். அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். விசாரணை நாளை மறுநாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று உலகத்தில் நடப்பதுதானே, காலம் போனால் எல்லாம் சரியாகும் என்று அவர் தன்னையே தேற்றி வந்தார். ஆனால் ஃபிட்டர் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தான். கட்டிலோரம் நின்று, "நான் நல்லாத்தான் பாத்தேன்ணே. எப்படியோ என் கண்ணுக்குத் தப்பிடுச்சு. மன்னிச்சிருங்கண்ணே" என்று அழுதான். மின்னல் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடந்தார்.

குளியலறையிலிருந்து வந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சட்டை மாட்டினார். இடது கையால் பொத்தான் போட நேரமாயிற்று. மகள் வந்து போட்டுவிட்டாள்.

"எங்கப்பா?"

"ஃபிட்டர் வீடு வரைக்கும்."

"நானும் வரட்டா?"

"வேணாம்மா. இது நான் தனியாப் போக வேண்டிய இடம்."

நான்கு தெரு தள்ளி வீடு. வெயில் சாயும் நேரம். வேலை இல்லாத ஃபிட்டர், அக்கம்பக்கத்தாரின் மிக்ஸி, மின்விசிறி என்று எதையாவது பிரித்து மாட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. வாசலுக்கு உள்ளே சாக்கை விரித்து, யாருடையதோ ஒரு மிக்ஸியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். ஆள் பாதியாகியிருந்தான். அவரைக் கண்டதும் பதறி எழுந்து ஸ்டூலைத் துடைத்தான். "வாங்கண்ணே. நீங்க ஏன் அலையறீங்க, சொல்லி அனுப்பினா நான் வந்திருப்பேனே."

மின்னல் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது என்று தெரிந்தது.

"மெஷின் நல்லாத்தான் இருந்துச்சுப்பா. நான் சக்கை வச்சிருந்தேன்."

ஃபிட்டருக்கு முதலில் புரியவில்லை. "எங்க?"

"வலது பொத்தான்ல. எட்டு வருசமா வச்சுக்கிட்டுதான் ஓட்டினேன். அன்னைக்கும் இருந்துச்சு. ஆள் வர்றதுக்குள்ள பிடுங்கிட்டேன்."

"அப்ப..." ஃபிட்டர் ஸ்டூலைத் துடைத்த துணியைக் கீழே போட்டான். "அப்ப நான் பாத்தது சரிதான்."

"சரிதான்."

அவன் சாக்கில் மெல்ல உட்கார்ந்தான். சிரிப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது, சிரிப்பு இல்லை. "நாப்பது நாளாச்சுண்ணே. தெனமும் மனசுக்குள்ள அந்த மெஷினப் பிரிச்சுப் பாக்கறேன். ஒவ்வொரு ஒயரா, ஒவ்வொரு ஸ்க்ரூவா. எத விட்டேன், எத விட்டேன்னு. உங்க ரெண்டு விரல நான்தான் எடுத்துட்டேன்னு..." நிறுத்தி, அவரை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் அண்ணன் இல்லை. "ஆஸ்பத்திரில நீங்க தூங்கலதானே?"

"இல்ல."

"இத இங்க வந்து சொல்லாதீங்க. நாளை மறுநாள் அங்க சொல்லுங்க. எல்லார் முன்னாடியும்."

"சொல்றேன்."

"சொல்லுவீங்களா?"

மின்னல் பதில் சொல்வதற்குள் ஃபிட்டரின் மனைவி இரண்டு டம்ளரில் தேநீர் கொண்டுவந்துவிட்டாள். உள்ளே வேலையாக இருந்தவள் காதில் எதுவும் விழுந்திருக்கவில்லை. "கை எப்படிண்ணே இருக்கு? இவருக்கு உங்க நெனப்புதான் எப்பவும்" என்று முகமெல்லாம் கரிசனமாக நீட்டினாள். மின்னல் வாங்கிக்கொண்டார். ஃபிட்டர் தன்னுடையதைத் தரையில் வைத்தான்.

மனைவி உள்ளே திரும்பிப் போனாள். ஃபிட்டர் தலையைக் குனிந்து, மிக்ஸி மோட்டாரின் தூசியை ஊதினான். இரண்டு ஒயரைச் சேர்த்து முறுக்கினான். மூடியை வைக்காமலே சுவிட்சைப் போட்டான். பாத்திரம் இல்லாத வெறும் மோட்டார் வீடு அதிர இரைந்தது. உள்ளிருந்து மனைவி ஏதோ கேட்டது அந்த இரைச்சலில் கேட்கவில்லை. அவன் அணைக்கவில்லை. பிசகு இல்லாமல் அது சுற்றுவதையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். தரையில் வைத்த டம்ளரில் தேநீர் வட்டம் வட்டமாக நடுங்கியது.