படி தாண்டாத நாய்

காலை எட்டரை மணிக்கு மேல் அந்த லைன் வீடுகளில் ஈ காக்கை இருக்காது. நெருப்பெரிச்சல் என்கிற அந்த ஊரில் வேலைக்குப் போகாதவர் யார்? புருஷன், பெண்டாட்டி, வயசுப் பிள்ளைகள் எல்லோரும் பனியன் கம்பெனிக்கு, சின்னதுகள் பள்ளிக்கூடத்துக்கு. ஒன்பது வீட்டுக் கதவிலும் பூட்டுத் தொங்கும். பத்தாவது வீட்டுக் கதவு மட்டும் பாதி திறந்திருக்கும். உள்ளே பத்ருன்னிசா இருப்பாள். இருப்பாள் என்றால் இருப்பாள், அவ்வளவுதான். அவள் இத்தாவில் இருந்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள் நாலு மாதம் பத்து நாள் வாசலைத் தாண்டக் கூடாது, அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது. அதில் ஒரு மாதம்தான் கழிந்திருந்தது.

பக்கீர் முகமது கட்டிங் மாஸ்டர். இருபத்தாறு வருஷம் துணி வெட்டின மேஜைமேலேயே ஒரு நாள் காலை பத்தரைக்குச் சாய்ந்தார். கம்பெனிக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, எல்லாம் முடிந்து, வண்டியில் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தின பிறகுதான் பத்ருன்னிசாவுக்குச் சேதியே தெரியும்.

அன்றிலிருந்து அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. குழம்பில் உப்பில்லை என்று மகள் ஷாஹிதா சொன்னால்தான் உண்டு. பத்ருன்னிசாவும் அதே குழம்பைத்தான் தின்றிருப்பாள். துக்கமா என்றால் துக்கமாகவும் இல்லை. மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன கால் இருக்கிறதே, நம்முடையதுதான், ஆனால் கிள்ளினால் தெரியாது, அந்த மாதிரி இருந்தது. மூத்த நாத்தனார் போன இடமெல்லாம், "கல்லாட்டம் உக்காந்திருக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லட்டும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

நாய் வந்தது அப்போதுதான்.

அது பக்கத்து வீட்டு அந்தோணிராஜின் நாய். சின்ன ஜாதி, பொமரேனியன். ஒரு வயசு இருக்கும். வெள்ளை நிறம் என்று சொல்லிக்கொள்ளலாம், குளிப்பாட்டினால். அந்தோணிராஜுக்குத் தூத்துக்குடிப் பக்கம். ஆர்டர் குறைந்து கம்பெனியில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்றதும், "ஒரு வாரத்துல வந்துருவோம்க்கா" என்று குடும்பத்தோடு கிளம்பினான். பத்து நாள் கழித்து வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டு, இனி வரவில்லை, ரூமை வேறு ஆளுக்கு விட்டுவிடுங்கள் என்றான். நாயைப் பற்றிப் பேச்சே இல்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற மனுஷன். ஒரு வாயில்லா ஜீவனைக் கதவுக்கு வெளியே விட்டுப் பூட்டிக்கொண்டு பஸ் ஏற எப்படித்தான் மனசு வந்ததோ, அவனுக்கே வெளிச்சம்.

நாய் பூட்டின கதவுக்கு முன்னால் நாலு நாள் கிடந்தது. ஐந்தாம் நாள், இந்த வரிசையிலேயே பகலில் மனுஷ வாடை அடிக்கிற வீடு ஒன்றுதான் என்று கண்டுபிடித்து, பத்ருன்னிசா வீட்டு வாசலுக்கு வந்தது. வந்ததும் முன்னங்காலை உள்ளே வைத்தது.

பத்ருன்னிசா வலது கையைத் தூக்கி, உள்ளங்கையைக் காட்டி, "ஹூம்" என்றாள். தொழுகிற வீடு. இறந்துபோனவருக்காகத் தினமும் குர்ஆனில் யாசீன் ஓதுகிற வீடு. நாய் இருக்கிற வீட்டுக்கு வானவர்களான மலக்குமார் வரமாட்டார்கள் என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவள். நாய் காலை எடுத்துக்கொண்டது. மறுபடி வைத்தது. மறுபடி "ஹூம்." அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. மூன்றாம் நாளிலிருந்து அதற்குச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. முன்னங்கால் இரண்டும் வாசற்படிக்கு ஓர் அங்குலம் வெளியே, அதன்மேல் மோவாய், கண் உள்ளே. அவள் மிஞ்சின சோற்றைப் பழைய தட்டில் போட்டுப் படிக்கு வெளியே தள்ளுவாள். தின்றுவிட்டு அதே இடத்தில் படுக்கும். குரைக்காது, கடிக்காது, பூனை போனால்கூட எழுந்து வழி விடும். பேச்சுவார்த்தை ஒன்றும் இல்லை. அவள் உள்ளே உட்கார்ந்திருப்பாள், அது வெளியே கிடக்கும். இப்படி ஒரு மாதம் போயிற்று.

வீட்டுக்காரம்மா பெரியாத்தாள் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "படிதாண்டாப் பத்தினீன்னு கேள்விப்பட்டிருக்கறேன். படிதாண்டா நாயை இப்பத்தானுங்க பாக்கறேன்." பிறகு வந்த விஷயத்தைச் சொன்னாள். "ஏனுங்க அம்மிணி, வெள்ளிக்கெழம பக்கத்தூட்டுக்குப் புது ஆளுக வர்றாங்க. கைக்கொழந்தக்காரி. நாய் ஆகாதுன்னு சொல்லிப்போட்டாங்க. அதுக்குள்ள ஒரு எடம் பாத்துக் குடுத்துருங்க. இல்லீனா சேவூர்ல நம்ம தோட்டத்துக்கு வண்டி போகுது, அதுல ஏத்தி உட்டர்றன்."

சேவூர்த் தோட்டத்தில் பன்றி விரட்டுகிற நாய்கள் நாலு இருந்தன. அவை நடுவே இது ஒரு ராத்திரி தாங்காது. அது பெரியாத்தாளுக்கும் தெரியும், பத்ருன்னிசாவுக்கும் தெரியும்.

ஷாஹிதா ஒரு கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர். நாயை நாலு போட்டோ எடுத்து, "சாதுவான பெண் நாய், நல்ல வீடு தேவை" என்று வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தாள். ஒருவர் ஆண் நாய்தான் வேண்டும் என்றார். இன்னொருவர் குடோன் காவலுக்குக் குரைக்குமா என்று கேட்டார். குரைக்காது என்று ஷாஹிதா உள்ளதைச் சொன்னாள். அப்புறம் அவரிடமிருந்து பேச்சில்லை.

ஞாயிற்றுக்கிழமை அனுப்பர்பாளையத்திலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். மாதவன், அனுசுயா. கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை. விவரம் தெரிந்தவர்கள், மாதவன் தெருமுனையிலேயே பைக்கில் உட்கார்ந்துகொண்டான். அனுசுயா மட்டும் வந்து படியருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். நாய் அவள் மடியில் தலையை வைத்தது. வைத்த நிமிஷமே அவள் முகம் மாறிவிட்டது.

"எங்கூட்ல இதுக்கு ஒரு கொறையும் வராதுங்கம்மா" என்றாள்.

"சரிம்மா" என்றாள் பத்ருன்னிசா. நாய் பைக்கில் போயிற்று. பத்ருன்னிசாவுக்கு அதுவும் உறைக்கவில்லை. சோற்றுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் அனுசுயா நாயோடு திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"உள்ள வரமாட்டேங்குதுங்கம்மா. மூணு நாளும் வாசப்படிக்கு வெளியவே கெடக்குது. கறி வெச்சுப் பாத்தேன், முட்ட வெச்சுப் பாத்தேன். தூக்கீட்டுப் போயி உள்ள உட்டா வெடவெடன்னு நடுங்கி, மூத்தரம் பேஞ்சுட்டு வெளிய ஓடுது. எங்கூடு மெயின் ரோட்டு மேலங்க. நேத்து கம்பெனி வேன் ஒண்ணு மயிரிழைல போச்சு. வெளிய கெடந்தா செத்துருமுங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "யாரோ பாவிக உள்ள வந்தா அடிச்சுப் பழக்கியிருக்காங்க."

கதவுக்குப் பின்னாலிருந்து பத்ருன்னிசா சொன்னாள்: "அடிக்கலம்மா. நான்தான் பழக்குனேன்."

அனுசுயா திரும்பி நாயைப் பார்த்தாள். நாய் பழைய இடத்தில், படிக்கு ஓர் அங்குலம் வெளியே, மோவாயை வைத்துப் படுத்துவிட்டிருந்தது. நல்ல பிள்ளையாக நடந்துகொண்ட நிம்மதி அதற்கு.

"நீங்க சொன்னா உள்ள வருமுங்களா?" என்று அனுசுயா கேட்டாள். "உள்ள வரப் பழகிருச்சுன்னா இப்பவும் நான் கூட்டீட்டுப் போயிர்றனுங்க. அவரும் சரீன்னுட்டாரு."

"நாளைக்குச் சாயங்காலம் வாம்மா" என்றாள் பத்ருன்னிசா. அதற்கு அடுத்த நாள் வெள்ளிக்கிழமை.

வியாழக்கிழமை ஷாஹிதா வேலைக்குப் போனதும், பத்ருன்னிசா குர்ஆனையும் தொழுகைப் பாயையும் உள் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினாள். தான் செய்யப்போவது சரியா தப்பா என்று யாரிடமும் கேட்கவில்லை. எதற்காகச் செய்கிறாள் என்று அல்லாவுக்குத் தெரியும். வாசல் கதவை முழுசாகத் திறந்தாள். கூடத்து நடுவில் நின்று, "வா" என்றாள்.

நாய் வாலை ஆட்டியது. வரவில்லை.

அவித்த முட்டையை உடைத்து உள்ளே வைத்தாள். நாய்க்கு எச்சில் ஒழுகிற்று. முட்டையைப் பார்த்தது, அவள் வலது கையைப் பார்த்தது. எப்போது அந்தக் கை உயரும் என்று காத்திருந்தது. அவள் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அப்போதும் வரவில்லை. அவள் சமையலறைக்குள் போய் ஒளிந்து நின்று எட்டிப் பார்த்தாள். ஆள் இல்லாத வீட்டிலும் அது படியை மதித்தது. இப்படி ஒரு நாயா என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. சொன்ன பேச்சைக் கேட்டதற்கு நாயைத் திட்டுகிற முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும்.

பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. கடைசியில் அவள் தரையில் உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து வாசலுக்கு வந்தாள். தூக்கிப் பழகின அந்தக் கையைக் கவிழ்த்துப் படியின்மேல் வைத்தாள். நாய் மூக்கை நீட்டி முகர்ந்தது. பிறகு நக்கியது. அவள் கையை எடுக்கவில்லை. ஈரமாக இருந்தது, சூடாக இருந்தது. அது தனக்குத் தெரிகிறது என்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ஒண்ணுமில்ல, வா" என்றாள். "நான்தான சொன்னேன் வராதன்னு? இப்ப நான்தான் சொல்றேன். வா."

ஒரு கால் உள்ளே வந்தது. உடனே வெளியே போயிற்று. அவள் கையைத் தரையிலேயே வைத்தபடி ஒரு சாண் பின்னால் நகர்ந்தாள். மறுபடி ஒரு கால் வந்தது. அவள் இன்னொரு சாண் நகர்ந்தாள். கம்பெனிகளில் சாப்பாட்டுச் சங்கு ஊதினபோது நாயின் நாலு கால்களும் கூடத்துக்குள் இருந்தன. அது முட்டைக்குப் போகவில்லை. நடுவில் நின்று, காதை மடக்கி, திட்டு விழட்டும் என்று நடுங்கிக்கொண்டிருந்தது. திட்டு விழவில்லை என்றதும் அவள் முழங்காலை ஒட்டிப் படுத்துப் பெரிதாக மூச்சு விட்டது.

"இவ்ளோதான். இதுக்குப் போயி" என்றாள் பத்ருன்னிசா. முட்டையை அதன் மூக்குக்கு அருகே நகர்த்தினாள்.

அதற்குப் பிறகும் அவள் விடவில்லை. வெளியே அனுப்பி உள்ளே கூப்பிட்டாள். பத்துத் தடவை, இருபது தடவை. நாலு மணிக்கெல்லாம் நாய் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தது. ஐந்தரைக்கு அனுசுயா வந்து, அது கூடத்தில் மல்லாந்து படுத்திருப்பதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அங்க எப்படியோ, தெரியாதும்மா" என்றாள் பத்ருன்னிசா. "கைய மட்டும் தூக்காத. தரையில வச்சுக் கூப்பிடு."

நாய் போன பிறகு கூடத்தை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினாள். முறைப்படி கைகால் கழுவி, குளித்து, உடுப்பு மாற்றி, அந்தி நேரத்து மஃரிப் தொழுதாள். தொழுகையில் மனசு நிற்கவில்லை. நாய் அங்கேயும் வெளியே படுத்துக்கொண்டால் தீர்ந்தது. காலையில் பெரியாத்தாளின் வண்டி.

ஏழு மணிக்கு ஷாஹிதா போனைக் காதில் வைத்தபடி வந்தாள். "அம்மா, உள்ள போயிருச்சாம். சமையக்கட்டு வரைக்கும் போயிப் படுத்துக்கிச்சாம்."

"எவ்ளோ நேரம் ஆச்சாம்?"

"நேரமெல்லாம் இல்லம்மா. கதவத் தெறந்து வான்னாங்களாம், பின்னாடியே போயிருச்சாம். ஒரே ஒரு தடவதான் கூப்பிட்டாங்களாம்."

அல்ஹம்துலில்லாஹ் என்றாள் பத்ருன்னிசா. நாய் பிழைத்தது, சந்தோஷம்தான். ஆனால் நெஞ்சில் சுருக்கென்று ஒன்று தைத்தது. பொறாமைதான், வேறென்ன. ஐம்பது வயசில், நாலு கால் பிராணிக்காக.

"நான் காலைலருந்து கூப்பிட்டேன்டி" என்றாள்.

"நீங்க கூப்பிட்டதாலதாம்மா அது அங்க உள்ள போச்சு."

பத்ருன்னிசா தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் முந்தானையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"அன்னிக்கு உங்கத்தா சட்டைல போன் இருந்துச்சுல்ல?"

ஷாஹிதாவுக்கு முதலில் விளங்கவில்லை. அத்தா மேஜைமேல் சாய்ந்த நாளைச் சொல்கிறாள் என்று விளங்கினதும் மெல்ல, "இருந்துச்சும்மா" என்றாள்.

"நெஞ்சு வலின்னு காலைல வந்ததுமே மெஷின்காரப் பையன்கிட்டச் சொல்லிருக்காரு. பத்தரை வரைக்கும் வெட்டிட்டு நின்னுருக்காரு. ஒரு தடவ என்னையக் கூப்பிட்டிருக்கலாம்ல? ரெண்டு ஸ்டாப்புதானடி. செருப்புப் போடாம ஓடிப்போயிருப்பேன்."

ஷாஹிதா போனை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பத்ருன்னிசாவுக்கு இரண்டு மாதத்தில் முதல் தடவையாகக் கோபம் வந்திருந்தது. செத்துப்போன மனுஷன்மேல் வந்த கோபம், உடம்பெல்லாம் வலித்தது.

"கூப்பிடவே இல்லடி" என்றாள். "ஒரு தடவகூட."