சத்தமில்லாத வள்ளம்

மனிதன் கடலுக்குச் செய்த ஒரே துரோகம் சத்தம் என்றும், அதைத் தான் ஒருவனே நிறுத்தப்போவதாகவும் கடியப்பட்டணம் கரையில் வைத்து டிஜோ அறிவித்தான். மின்பொறியியல் படித்தவன் ஆகையால் யாரும் மறுத்துப் பேசவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர் ததேயுஸ் ஒருவர்தான். அவரும் வலையை உதறிக்கொண்டிருந்தார்.

அப்பன் விட்டுப்போன ஃபைபர் வள்ளத்தில் மண்ணெண்ணெய் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டாரும் பேட்டரிகளும் பொருத்தியிருந்தான் டிஜோ. ததேயுஸின் எஞ்சின், கரைக்கு எதிரே கடலுக்குள் நிற்கும் பாறைக்கு அப்பால் வரும்போதே ஊருக்குக் கேட்கும். அவர் பெண்டாட்டி கரைக்கு வந்துவிடுவாள். வள்ளத்தை மணலில் ஏற்ற நாலுபேர் கூடிவிடுவார்கள். எந்தச் சத்தம் எந்த வீட்டு எஞ்சின் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

“பெண்டாட்டிய விளிக்கியதுக்கு மண்ணெண்ணெய் எரிக்கணுமா மாமா? போன் இல்லியா?” என்றான் டிஜோ.

“போனுக்குச் சார்ஜ் போடணும்லே. உனக்க வள்ளத்துக்கும் போடணும்” என்றார் ததேயுஸ்.

டிஜோவின் வள்ளம் சொன்னபடியே சத்தமில்லாமல் ஓடியது. சத்தமில்லாமல் கரையும் சேர்ந்தது. யாரும் வரவில்லை. தற்செயலாக யாராவது அந்தப் பக்கம் வரும்வரை கயிற்றைப் பிடித்தபடி இடுப்பளவு தண்ணீரில் நிற்பான். வீட்டிலும் அதே நிலைமைதான். அப்பனும் அம்மையும் போய்ச் சேர்ந்து, தங்கை ஷிஜி கல்யாணமாகிக் குவைத்துக்குப் போன பிறகு அங்கே சத்தம் போட்டது மிக்சி ஒன்றுதான். அதுவும் பழுது.

ஒருநாள் நடுக்கடலில் பேட்டரி தீர்ந்துபோனது. துடுப்புப் போட்டுக் கை தோல் உரிந்து கரைசேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. மீன் வாங்கி விற்கும் வியாகுலம்மாள் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தாள்.

“ஏலே மக்கா, இப்பதான் கடலுக்குப் போறியா?”

“இல்ல மாமி, திரும்பி வாறேன்.”

“அப்பிடியா? நீ வீட்டில கெடந்து உறங்குதன்னுல்லா நெனச்சேன். உனக்க வள்ளம் போறதும் தெரியல்ல, வாறதும் தெரியல்ல.”

அவள் கேலியாகச் சொல்லியிருந்தால் டிஜோவிடம் பதில் இருந்திருக்கும்.

மறுநாள் கருங்கல் ஊரிலிருந்த ஜெயசிங்கின் ஜெனரேட்டர் கடைக்குப் போனான். வள்ளத்தில் வைத்தே பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற, கையோடு கொண்டுபோகிற ஜெனரேட்டர் ஒன்று வேண்டும். கனம் குறைவாகவும், சார்ஜரைத் தாங்குவதாகவும் இருக்க வேண்டும் என்றான். முழுக்க மூடிய சின்னப் பெட்டி போன்ற ஒன்றை ஜெயசிங் ஒற்றைக் கையால் தூக்கி வைத்து இயக்கினார்.

“இதாக்கும் உங்களுக்கு உள்ளது தம்பி. ஓடுதான்னு தொட்டுப் பாத்தாத்தான் தெரியும்.”

டிஜோ தொட்டுப் பார்த்தான். ஓடிக்கொண்டுதான் இருந்தது. கையை எடுத்தான். மூலையில், இரும்புச் சட்டத்துக்குள் இன்னொன்று இருந்தது.

“அது?”

“அது பந்தல்காரனுவளுக்கு உள்ளது. நல்ல கனம். சத்தத்தில காது அடச்சுப் போவும்.”

“பாறைக்கு அப்புறம் வச்சு ஓட்டினா கரைக்குக் கேக்குமா?”

“கேக்காதுன்னு பொய் சொல்லி விக்க மாட்டேன் தம்பி. கேக்கும்.”

“அப்போ அதத் தாருங்க.”

ஜெயசிங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அவனை இன்னொரு முறை பார்த்தார்.

அடுத்த தடவை கடலிலிருந்து திரும்பும்போது, கரை சேர வேண்டிய சார்ஜ் பேட்டரியில் தாராளமாக இருந்தது. பாறைக்குப் பக்கத்தில் டிஜோ சுற்றிலும் பார்த்தான். ததேயுஸின் வள்ளம் கண்ணில் படவில்லை. குனிந்து ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தான்.

இன்னொரு தடவை இழுத்ததும் அது அலறியது. கரையில் யாரோ பெட்டியின்மேலிருந்து எழுந்து, நெற்றியில் கைவைத்து இந்தப் பக்கமே பார்ப்பது தெரிந்தது.