ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்

தம்பியின் சட்டையைக் குழாயடியில் விரித்துப் போட்டு, அவள் முதலில் முதுகுப் பக்கத்தைத்தான் தேய்த்தாள். காலரில் ரத்தம் இருந்தது, ஒரு கை கிழிந்திருந்தது, அதெல்லாம் பிறகு. முதுகின் நடுவில் ஒரு பூட்ஸ் அடியின் தடம் பதிந்திருந்தது. குதிகாலின் அரைவட்டம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. அது அவன் முதுகில் இன்னும் ஒரு நிமிடம் இருக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. காய்ந்த மண்ணைப் பிரஷால் தட்டினாள், சோப்பைப் போட்டாள், பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள்.

பிறகு காலருக்கு வந்தாள். ரத்தத்துக்கு வெந்நீர் ஆகாது. பட்டால் கறை துணியிலேயே உட்கார்ந்துவிடும். பச்சைத் தண்ணீரில் உப்பைப் போட்டு ஊற வைக்க வேண்டும், அவசரப்படக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் பாதி வாழ்க்கையைக் கழித்தவள் இதை யோசித்துச் செய்ய வேண்டியதில்லை. கை தானாகச் செய்தது.

தம்பியைத் தெருவில் எல்லோரும் குட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் முடியும்வரை குள்ளமாகவே இருந்து, பிறகு ஒரே வருஷத்தில் வாசல் நிலை தலையில் இடிக்கும் அளவுக்கு வளர்ந்தான். பேர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. லிஃப்ட் பழுது பார்ப்பது அவன் வேலை. நேற்று மத்தியானம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், பணக்காரக் குடியிருப்பு ஒன்றில் லிஃப்டைச் சரி செய்துவிட்டு, கருவிப் பையோடு வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றான். ரயில் பாதைக்கு இந்தப் பக்கத்து ஆட்களின் நிறத்தில் ஒருவன் அந்தத் தெருவில் பையோடு நிற்பதைப் பார்த்து யாரோ போன் செய்திருக்கிறார்கள். போலீஸ் வண்டி வந்தது. குப்புறப் படுக்க வைத்தார்கள். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் மயங்கிவிட்டான் என்று முதலில் சொன்னார்கள், இதயம் நின்றுவிட்டது என்று பிறகு சொன்னார்கள். ஆஸ்பத்திரி டாக்டரும் காலையில் உடலை அறுத்துப் பார்த்துவிட்டு அதையே எழுதிவிட்டார். கல்யாண வயசுப் பையனின் இதயத்துக்கு நிற்பதற்கு வேறு நேரம் கிடைக்கவில்லை போலும்.

சொல்லிக் கொடுக்காமல் ஒன்றும் அவனை அனுப்பவில்லை. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் பிறந்த பிள்ளைகளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வயதிலேயே இதையும் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். கை இரண்டும் வெளியே தெரிய வேண்டும். ஓடக் கூடாது. கேட்டதற்கு மட்டும் பதில், கடைசியில் ஒரு சார். அவளே அவனைக் கூடத்தில் நிற்க வைத்து, தான் போலீஸாக நடித்துப் பழக்கியிருக்கிறாள். "உன்னைப் பார்த்தா சிரிப்புதான்க்கா வருது" என்பான். சிரித்தால் தலையில் குட்டுவாள். நேற்றும் அவன் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருப்பான்.

சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது இன்ஸ்பெக்டர் வந்தார். பூட்ஸை மட்டும் வாசலில் விட்டுவிட்டு வந்திருந்தால் மரியாதைக்கு ஒரு குறையும் இருந்திருக்காது, அவ்வளவு பணிவு. அப்பா நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்து நின்றார். வாழ்நாளெல்லாம் வங்கி வாசலில் காவலாளியாக இருந்தவர். காக்கியோ நீலமோ, சீருடையைக் கண்டால் முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

"உக்காருங்க பெரியவரே" என்றார் இன்ஸ்பெக்டர். "நடந்தது நடந்துபோச்சு. பையனுக்கு உள்ளுக்குள்ள ஏதோ கோளாறு இருந்திருக்கு, யாருக்குத் தெரியும். சாயந்திரம் உடம்பை வாங்கிக்கலாம். வண்டி நாங்களே ஏற்பாடு பண்றோம், நீங்க ஒண்ணும் அலைய வேண்டாம். இன்னைக்கே அடக்கம் பண்ணிடுங்க. கூட்டம் கீட்டம் சேர்ந்தா உங்களுக்குத்தான் சிரமம்."

"சரிங்க சார்" என்றார் அப்பா.

அவளும் சரி என்றுதான் நினைத்தாள். அவனை அந்தப் பிணவறையிலிருந்து எப்படியாவது வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், வேறெதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. சட்டை காய்ந்ததும் கிழிந்த கையைத் தைத்தாள், இஸ்திரி போட்டாள். பாக்கெட்டில் கம்பெனிப் பெயர் தைத்த அந்தச் சட்டையைப் போட்ட முதல் நாள் அவன் கண்ணாடி முன்னால் நின்று நகரவே இல்லை. அதையே போட்டு அனுப்பலாம் என்றிருந்தாள்.

வெயில் உச்சிக்கு வந்தபோது வக்கீலம்மாவும் தையல்காரரும் வந்தார்கள். வக்கீலம்மா இந்தப் பக்கத்துப் பெண்தான். வாரா வாரம் நூலக மாடியில் கூட்டம் போட்டு, போலீஸ் நிறுத்தினால் என்ன கேட்கலாம், எதற்குக் கையெழுத்துப் போடக் கூடாது என்றெல்லாம் சொல்லிக் கொடுப்பவர். குட்டை ஒரு கூட்டத்தையும் விட்டதில்லை. "சட்டம் பேசினா இன்னும் ரெண்டு அடிதான் விழும்" என்று அவள் அவனைப் பரிகாசம் செய்வாள். அந்த மாடிப்படியை அவள் மிதித்ததில்லை.

தையல்காரர் கடைத்தெருவில் இருப்பவர். சில வருஷங்களுக்கு முன் அவருடைய மகனும் அதே ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. மாடிப்படியில் விழுந்துவிட்டான் என்றார்கள். அந்த ஸ்டேஷனுக்கு மாடியே கிடையாது என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

"எனக்கும் அன்னைக்கு வண்டி அவங்கதான் குடுத்தாங்க" என்றார் அவர், அப்பாவைப் பார்த்து. "அவ்வளவு நன்றியா இருந்துச்சு எனக்கு. கையெடுத்துக் கும்பிட்டேன். மறுநாள் வக்கீலைத் தேடிப் போனா, மண்ணுக்குள்ள போனதுக்கப்புறம் என்னய்யா கேஸு, எதைக் காட்டுறதுன்னு கேட்டாங்க."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வக்கீலம்மா அவள் பக்கம் திரும்பினார். "உடுப்பெல்லாம் போலீஸ் எடுத்துக்கிட்டாங்களா?"

"இல்லை. அவசரப் பிரிவு நர்ஸ் எனக்குத் தெரிஞ்சவங்க. பையில போட்டு என் கையிலதான் குடுத்தாங்க."

வந்ததிலிருந்து முதல்முறையாக வக்கீலம்மாவின் முகம் தெளிந்தது. "அப்ப கேளுங்க. அந்தக் குடியிருப்புல வீட்டு வேலை பார்க்கிற பொண்ணு ஒண்ணு மேல இருந்து பார்த்திருக்கு. குட்டை கையைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டுத்தான் நின்னானாம். படுக்க வச்சு, ஒருத்தன் முதுகுல காலை வச்சு ஏறி நின்னிருக்கான். அந்தப் பொண்ணு பயப்படுது, முன்னால வர மாட்டேங்குது. ஆனா சட்டையில தடம் இருந்தா அதுவே பேசும். எடுத்துட்டு வாங்க."

அவள் உள்ளே போனாள். சட்டை கட்டிலின் மேல் மடிப்புக் கலையாமல் இருந்தது. அதைக் கையில் எடுத்தபோதுதான் தான் செய்தது என்ன என்பது அவளுக்குப் புரிந்தது. அவர்கள் செய்ததை அழிக்க அவர்களுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டிருந்தால், ஊர் முழுக்கத் தேடினாலும் அவளைவிடக் கெட்டிக்காரி கிடைத்திருக்க மாட்டாள். சம்பளம்கூடக் கேட்காமல் செய்து கொடுத்திருக்கிறாள். சட்டையைக் கிழித்தெறியலாமா, தன் கையை எங்கேயாவது கொண்டுபோய் இடித்துக்கொள்ளலாமா என்று ஆத்திரம் வந்தது.

கொண்டுவந்து கொடுத்தாள். வக்கீலம்மா மடிப்பைப் பிரித்தார். முதுகுப் பக்கத்தைத் திருப்பினார். சோப்பு வாசனை வந்திருக்க வேண்டும், நிமிர்ந்து பார்த்தார்.

"துவைச்சிட்டீங்களா?"

"ஆமா."

"முதுகுல ஏதாவது இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். அதோடு போய்விடும், யாருக்கும் தெரியப் போவதில்லை. "இருந்துச்சு" என்றாள். "பூட்ஸ் தடம். குதிகால்கூடத் தெரிஞ்சது."

"போட்டோ?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். தையல்காரர் சட்டையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நூல் நூலாகப் பார்ப்பவர்போலக் கண்ணருகே கொண்டுபோய், தையல் ஓரங்களை விரலால் விரித்து, நெடுநேரம் பார்த்தார். பிறகு அதைப் பழைய மடிப்பிலேயே மடித்து அவளிடம் நீட்டினார்.

"ரொம்பச் சுத்தமா துவைச்சிருக்கம்மா" என்றார். அவர் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. இருந்திருந்தால் அவளுக்குத் தாங்கக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது.

"இனி அவன் உடம்பு மட்டும்தான் இருக்கு" என்றார் வக்கீலம்மா. "வெளியில இருந்து வேற டாக்டர் வந்து மறுபடியும் பார்க்கணும்னு கோர்ட்ல கேக்கப் போறேன். அது வரைக்கும் நீங்க உடம்பை வாங்கக் கூடாது. வாங்கிட்டா முடிஞ்சது."

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார் அப்பா.

"தெரியாதுங்க. பொய் சொல்ல மாட்டேன். இழுத்தடிப்பாங்க."

"அவனை ஐஸுல போட்டு வச்சிருக்கச் சொல்றீங்களா?"

"அப்பா" என்றாள் அவள்.

"அவனுக்குக் குளிர் ஆகாது." அப்பா எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னார். "சின்னதுல இருந்தே அப்படித்தான். கொஞ்சம் குளிர்காத்து பட்டாலே மூச்சு இழுக்கும். ராத்திரியெல்லாம் நெஞ்சுல தைலம் தேச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்."

"அப்பா, அவன் செத்துட்டான்ப்பா."

அந்தச் சொல்லை அந்த வீட்டில் அதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை. அப்பா அவளைப் பார்த்த பார்வையில் அவளே அவனைக் கொன்றுவிட்டாள் போலிருந்தது. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"என் பிள்ளை இன்னைக்கு வீட்டுக்கு வரணும். அவனை அங்கேயே விட்டுட்டு நீ வந்தேன்னா என் முகத்துல முழிக்காதே."

அவளுக்கும் அவன் வர வேண்டும். கூடத்தில் கிடத்தி, முகத்தைத் துடைத்து, ஒருமுறை கட்டிப்பிடித்து அழ வேண்டும். நேற்றிலிருந்து அழுகையை அதற்காகவே பிடித்து வைத்திருந்தாள். அந்தத் தடம் சட்டையோடு போயிருக்குமா, தோலுக்குள்ளும் இறங்கியிருக்குமா என்று அவளுக்குத் தெரியாது. அவனைப் புதைத்துவிட்டால் தெரியவே போவதில்லை. அதை இரண்டாவது முறையும் தானே கழுவிவிட்டதாக ஆகிவிடும்.

பிணவறை ஆஸ்பத்திரியின் பின்பக்கம், குப்பை எரிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அவர்கள் போனபோது போலீஸ் ஏற்பாடு செய்த வண்டி பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக நின்றது. மதில் ஓரமாகத் தெரு ஜனங்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஷிஃப்ட் முடிந்த பஸ் டிரைவர், முடி வெட்டுகிறவர், சலவைப் பிரிவிலிருந்து ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்திருந்த அவளுடைய தோழிகள், முகம் மட்டும் தெரிந்த எத்தனையோ பேர். கோஷம் எதுவும் இல்லை. போலீஸ்காரர்கள் எழுந்திருக்கச் சொன்னால் எழுந்து, அவர்கள் அந்தப் பக்கம் போனதும் திரும்ப உட்கார்ந்தார்கள். தையல்காரரும் போய் அவர்களோடு உட்கார்ந்துகொண்டார். வக்கீலம்மா கோர்ட்டுக்குப் போயிருந்தார்.

அப்பா வண்டியருகே போய், திறந்திருந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிணவறைக்காரன் ஸ்ட்ரெச்சரை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தான். அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய அழுக்கு விரிப்புகளை வாரா வாரம் வாங்கிக்கொள்பவள் அவள்தான். இன்ஸ்பெக்டர் தாளையும் பேனாவையும் நீட்டினார்.

"இங்க ஒரு கையெழுத்து போட்டுட்டு எடுத்துட்டுப் போகலாம்மா."

"நாங்க வாங்கலை" என்றாள். "வேற டாக்டர் வந்து பார்க்கணும். அது வரைக்கும் வாங்க மாட்டோம்."

இன்ஸ்பெக்டர் மதில் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். காலையில் இருந்த பணிவு எங்கோ போய்விட்டது. "யார் சொல்லிக் குடுத்தாங்க உங்களுக்கு இதெல்லாம்?"

"யாரும் சொல்லிக் குடுக்கலை. நான் லேட்டாத்தான் கத்துக்கிட்டேன்."

"பெத்தவர் இருக்கும்போது நீங்க யாரும்மா முடிவு பண்றதுக்கு?" அவர் அப்பாவை நோக்கிக் குரலை உயர்த்தினார். "பெரியவரே, நீங்க வாங்க. வந்து போடுங்க. பிள்ளையை இப்படி நடுவாசல்ல போட்டு வச்சிருக்கலாமா?"

அப்பாவின் முதுகு நிமிர்ந்தது. கையெழுத்துப் போட்டுவிடுவார் என்றே அவள் நினைத்தாள். அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார், பிடித்திருந்த வண்டிக் கதவைப் பார்த்தார்.

"எனக்குக் காது சரியா கேக்காதுங்க சார்" என்றார்.

வங்கி வாசலில் இருட்டில் பூனை தாண்டினால்கூட எழுந்துகொள்கிறவர் அவர். இன்ஸ்பெக்டர் இன்னொரு முறை, இன்னும் உரக்கச் சொன்னார். அப்பா காதருகே கையை வைத்துக்கொண்டு மரியாதையாக நின்றார். மதில் ஓரத்தில் யாரோ செருமினார்கள். முகத்தை அவள் பக்கம் மட்டும் அவர் திருப்பவில்லை. அவள் திரும்பி ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்தாள்.

"உள்ள கொண்டுபோங்க" என்று பிணவறைக்காரனிடம் சொன்னாள். "நானும் வரேன்."

உள்ளே குழல்விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரிந்தது. சுவரில் வரிசையாக இரும்புக் கதவுகள். அவன் ஒன்றைத் திறந்து தட்டை வெளியே இழுத்தான். குளிர் அவள் புடவைக்குள் வந்து ஏறியது. இருவருமாகத் தூக்கி வைத்தார்கள். விரிப்பு விலகிய இடத்தை அவள் இழுத்து மூடி, இரண்டு பக்கமும் தோளுக்கடியில் செருகிவிட்டாள்.

"நீங்க போங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்றான் அவன்.

அவள் போகவில்லை. இரண்டு கையையும் தட்டின் விளிம்பில் வைத்துத் தள்ளினாள். பாதி தூரம் போய் நின்றுவிட்டது.

"இது கொஞ்சம் மக்கர் பண்ணும்க்கா. அழுத்தித் தள்ளணும்."

இடுப்பை முட்டுக் கொடுத்து, அவள் அழுத்தித் தள்ளினாள்.